படப்பு எரிந்த கதை

மாட்டுத்தாவணி என்ற பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பது வழக்கம். "மாட்டுக்குமா தாவணி கட்டுகிறீர்கள் உங்கள் மதுரையில்?" என்று சென்னை நண்பர் ஒருவர் கேட்டார். தாவணி என்றால் மாடுகளை வரிசையாகப் பிணைத்து வைக்கும் கயிறு. மாடுகள் கட்டிக் கிடக்கிற இடத்துக்கும் அதுவே பெயராயிற்று. மாடு விற்கவும் வாங்கவும் ஜனங்கள் கூடின பொட்டல் அது. 1999-ல் அங்கே பெரிய பஸ் நிலையம் வந்தது. பிறகு பூச்சந்தையும் காய்கறிச் சந்தையும் வந்து சேர்ந்தன. மாடுகள் போய்விட்டன. பெயர் மட்டும் முளையில் கட்டினபடியே நிற்கிறது.

அந்தப் பஸ் நிலையத்துக்குப் போனால் என் ஸ்கூட்டரை நான் ஒருநாளும் பக்கத்திலிருக்கும் ஸ்டாண்டில் விடுவதில்லை. கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வேறொரு ஸ்டாண்டில் விட்டுவிட்டு நடந்து வருவேன். இருபது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான். "ஏன் இந்தச் சுற்று?" என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லியிருக்கிறேன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இவ்வளவு சின்னப் பொய் கூடவா வராது?

போன ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலை, சென்னையிலிருந்து வரும் அக்கா மகளை அழைத்து வரப் போயிருந்தேன். அவள் ரசாயனம் படித்தவள். கப்பலிலும் லாரியிலும் ஏற்றுகிற ரசாயனப் பொருள்களைச் சோதித்துச் சான்று தருகிற ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை. என்ன வேலை என்று நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. வீட்டிலே எல்லாரும் 'லேப்'பில் இருக்கிறாள் என்போம். கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுபோனவன் நான். அந்த இரண்டு வருஷத்தில் ரசாயனம் எனக்குக் கற்றுக் கொடுத்தது, அழுகின முட்டை வாசனைக்குப் பெயர் என்ன என்பது மட்டுமே.

பஸ்ஸை விட்டு இறங்கினதும், "மாமா, மல்லிகைப்பூ வாங்கிட்டுப் போகலாம். அம்மா சொல்லிவிட்டாங்க" என்றாள். பூச்சந்தைக்குப் போனோம். மழை தூறி ஓய்ந்திருந்தது. மல்லிகைக்கு அது வரத்துக் குறைந்த காலம்; விலை ஏறிக் கிடந்தது. இருந்தாலும் ஒரு கடையில் சாக்கை அவிழ்த்து மொட்டுகளைக் கொட்டியிருந்தார்கள். அவள் விலை கேட்கவில்லை. புறங்கை வரைக்கும் குவியலுக்குள்ளே விட்டுக்கொண்டு நின்றாள்.

"இங்க கை வச்சுப் பாருங்க மாமா."

வைத்தேன். வெளியே ஈரக் காற்று. குவியலுக்குள்ளே கதகதவென்று இருந்தது.

"பறிச்ச பிறகும் பூ மூச்சு விடுது. மூச்சு விட்டா சூடு. சாக்குல திணிச்சா சூடு போக வழியில்லை. இதைத்தான் நான் தினமும் பார்த்துக்கிட்டிருக்கேன், பூவில இல்லை, பொடியில" என்றாள்.

கடைக்காரர் எங்கள் இருவரையும் சந்தேகமாகப் பார்த்தார். அரைக் கிலோ வாங்கித் தப்பினோம்.

டீக்கடையில் நின்றுகொண்டு அவள் சொன்னதைத்தான் கீழே எழுதுகிறேன். தப்பு இருந்தால் என்னுடையது.

தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனால் எரிகிற பொருள் வேறு. நெருப்பே காட்டாமல், சும்மா சூடேறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் தானாகப் பற்றிக்கொள்கிற பொருள் வேறு. அந்தக் கட்டம் எத்தனை டிகிரி என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. மெல்லிய எஃகுக் கம்பி வலையில் இரண்டு சென்டிமீட்டர் கனச்சதுரமாக ஒரு கூடை. பல்லாங்குழிச் சோழிகள் நாலைந்து போட்டால் நிரம்பிவிடும். அதிலே பொடியை நிரப்பி, நடுவே உஷ்ணம் அளக்கும் கம்பியைச் செருகி, சிறிய அடுப்புக்குள் தொங்க விடுவார்கள். அடுப்பின் சூட்டை அளக்க வெளியே ஒரு கம்பி. பிறகு நிமிஷத்துக்கு அரை டிகிரி வீதம் அடுப்பைச் சூடேற்றுவார்கள். நானூறு டிகிரி வரைக்கும் போவதென்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

முதலில் பொடி அடுப்பைப் பின்தொடரும். அடுப்பு நூறு என்றால் பொடி தொண்ணூற்றெட்டு. பிறகு இரண்டும் சமமாகும். அதற்கப்புறம் சில பொடிகள் அடுப்பை முந்திக்கொள்ளும். அந்த நிமிஷத்திலிருந்து சூடு வெளியிலிருந்து வருவதில்லை, பொடியே உண்டாக்குகிறது. அது தன் சூட்டாலேயே நானூறு டிகிரியைத் தொடுகிறபோது அடுப்பு என்ன டிகிரியில் இருந்ததோ, அதுதான் அந்தப் பொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் உஷ்ணம்.

"ரெண்டு கோடு மாமா திரையில. ஒண்ணு அடுப்பு, ஒண்ணு பொடி. ராத்திரி பூரா ஒண்ணுமே நடக்காது. விடியற சமயத்தில ஒரு கோடு மெல்லத் தலையைத் தூக்கும். அப்ப வயித்தில ஒரு பயம் வரும் பாருங்க" என்றாள். நாவலாசிரியன் என்ற முறையில் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அடுப்புக்கே கொண்டுபோகக்கூடாத பொருள்களும் உண்டாம். காற்றுப் பட்டாலே எரிகிறவற்றை வேறு விதமாகப் பார்ப்பார்கள்: ஒரு சிட்டிகை பொடியை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கொட்டி, விழும்போதோ விழுந்து ஐந்து நிமிஷத்துக்குள்ளோ பற்றுகிறதா என்று காத்திருப்பார்கள். இப்படி ஆறு தரம். நம் வீட்டுப் பெரியவர்கள் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டு, வெடிக்கிறதா என்று பார்த்த சோதனைக்கு இது தூரத்து உறவு போலிருக்கிறது.

இந்த வகையில் பெயர்போனது வெள்ளைப் பாஸ்பரஸ். 1669-ல் ஹாம்பர்க் நகரத்து ரசவாதி ஹென்னிக் பிராண்ட் தங்கம் செய்ய எண்ணி மூத்திரத்தைக் காய்ச்சப் போய் அகப்பட்டது அது. முப்பது டிகிரி சொச்சத்திலேயே காற்றில் பற்றிக்கொள்ளும் என்பதால் தண்ணீருக்குள் போட்டு வைப்பார்கள். மதுரைச் சித்திரை மாசத்திலே காலைப் பலகாரம் ஆவதற்குள் பற்றிவிடும். அதே பாஸ்பரஸ் சிவப்பு வடிவத்தில் பரம சாது. இருநூற்று அறுபது டிகிரியாவது வேண்டும். நம் தீப்பெட்டியின் பக்கவாட்டில் இருப்பது அந்தச் சாதுதான். வெள்ளையை வைத்துத் தீக்குச்சி செய்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகிப்போனதால், 1906-ல் பெர்ன் நகரத்தில் தேசங்கள் கூடி அதை விலக்கின. இந்தியாவில் 1913-ல் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனது 1922-ல். நல்ல வேளை, வெள்ளைச் சனியன் தொலைந்த பிறகு.

"சிவகாசி மருந்தையும் இப்படித்தான் பார்ப்பீங்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, வெடிக்கிற சரக்கை இந்த அடுப்புல வைக்கவே கூடாது. அதுக்குச் சோதனை வேற, ஆளும் வேற" என்றாள். பிறகு சற்றுப் பேசாமல் டீயைக் குடித்துவிட்டு, "ஆனா விஷயம் ஒண்ணுதான். அலுமினியப் பொடியும் வெடியுப்பும் கலந்த மருந்து கொஞ்சம் ஈரம் பட்டாத் தானே சூடாகும். கலந்ததை அன்னிக்கே தீர்த்துடணும், மிச்சத்தை வைக்கக்கூடாதுன்னு சொல்றது அதனாலதான். பேப்பர்ல எப்பவும் 'உராய்வு'ன்னு போடுறான். உராய்வுன்னா யாரோ ஒருத்தர் கைதானே? ராத்திரி எவ்வளவு மிச்சம் வச்சிருந்தாங்க, ஒரு ரூமில எத்தனை கிலோ, யாரு வைக்கச் சொன்னாங்கன்னு கேட்டாத்தானே தெரியும்" என்றாள்.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் முப்பது பேருக்கு மேல் மாண்டுபோனார்களே, அன்று அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ரசாயனம் எடுத்துப் படிப்பேன் என்று அதற்குப் பிறகுதான் பிடிவாதம் பிடித்தாளாம். எனக்கு இது புதுச் செய்தி. மாமா என்று பெயர், ஒன்றும் தெரிந்து வைத்துக்கொள்வதில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு, ஏதோ புத்திசாலித்தனமாகப் பேச வேண்டும் என்று, "அப்போ ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர். அந்த டிகிரிக்குக் கீழே வச்சிருந்தா பயமில்லை, அப்படித்தானே?" என்றேன்.

"அதான் மாமா இல்லை. அந்த நம்பர் என் சின்னக் கூடைக்கு. கூடை பெரிசானா நம்பர் இறங்கிடும்."

இதை நான் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். கணக்கு இதுதான். ஒரு முழம் நீள, அகல, உயரமுள்ள குவியலை இரண்டு முழமாக்கினால், சூடு வெளியேறுகிற மேல்பரப்பு நாலு மடங்காகிறது. சூடு பிறக்கிற உள்ளடக்கமோ எட்டு மடங்காகிறது. வரவு எட்டு, செலவு நாலு. பிறந்த சூடு போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும். தங்கின சூடு இன்னும் வேகமாகச் சூட்டைப் பிறப்பிக்கும். கையளவு இருக்கும்போது இருநூறு டிகிரியிலும் பேசாமல் இருக்கிற சரக்கு, வண்டியளவு குவித்தால் வெயில் சூட்டிலேயே பற்றக்கூடும்.

ஐக்கிய நாடுகள் சபையின் சோதனைப் புத்தகத்தில் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்களாம். பத்து சென்டிமீட்டர்க் கூடையில் சரக்கை நிரப்பி 140 டிகிரி அடுப்பில் ஒரு நாள் முழுக்க, இருபத்து நாலு மணி நேரம் வைப்பார்கள். அடுப்பை விட அறுபது டிகிரி மேலே போய் இருநூறைத் தாண்டினால் அது தானாகச் சூடேறும் பொருள். அது ஏன் 140? மரக்கரியை வைத்துப் போட்ட கணக்கு. இருபத்தேழு கன மீட்டர் கரிக் குவியல், அதாவது மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம், ஐம்பது டிகிரியிலேயே தானாகப் பற்றிவிடும். அந்தப் பெரிய குவியலுக்கு ஐம்பது என்பது, சின்னக் கூடைக்கு 140-க்குச் சமானம்.

"கரி மட்டுமா? கொப்பரைத் தேங்காய், புண்ணாக்கு, எண்ணெய் பட்ட பஞ்சு, கருவாட்டுத் தூள், எல்லாம் அந்த அபாயப் பட்டியல்ல இருக்கு. வைக்கோல் கூட வேற பிரிவுல இருக்கு மாமா, 1327-ஆம் நம்பர். அதிலே 'புஸா'ன்னு நம்ம வடக்கத்தி வார்த்தையையே போட்டிருக்கான்" என்று சிரித்தாள். "ஈர வைக்கோலைக் குவிச்சா முதல்ல கிருமிகள் சூடாக்கும், ஒரு எழுபது டிகிரி வரைக்கும். அதுக்கு மேல கிருமி தாங்காது. ஆனா அதுக்குள்ள ரசாயனம் வேலையை எடுத்துக்கும். ரெண்டு மூணு வாரம் வெளியிலே ஒண்ணும் தெரியாது. உள்ளே கருகிக்கிட்டே இருக்கும். வாசனை மட்டும் வரும்."

"என்ன வாசனை?"

"சர்க்கரைப் பாகு முறுகின மாதிரி."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் ஊர் ஒத்தக்கடைக்கு அப்பால், யானைமலை முதுகு தெரிகிற தூரத்தில். பெரியாற்றுப் பாசனம், இரண்டு போகம். எனக்கு ஒன்பது வயசான வருஷம் முதல் போக அறுப்பின்போதே மழை பிடித்துக்கொண்டது. நெல்லை எப்படியோ காப்பாற்றினார்கள். வைக்கோல் காயவில்லை. இன்னும் பெரிய மழை வருகிறது என்று அப்பா அவசரப்பட்டு, வைக்கோலை ஈரத்தோடு மிதித்து அடைத்துப் படப்புப் போடச் சொன்னார். அதுவரை எங்கள் களத்தில் அவ்வளவு பெரிய படப்பு நின்றதில்லை.

பதினைந்து இருபது நாளில் படப்பின் தலை நடுவே உள்வாங்கிற்று. காலையில் அதன் மேலே புகை போல ஆவி நிற்கும். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனவன் நான். வடபுறத்தில் கையை விட்டால் உள்ளே வெந்நீர் அண்டா மாதிரி இருந்தது. யாருக்கும் சொல்லவில்லை. ஐப்பசிக் குளிரில் எனக்கு மட்டும் தெரிந்த அடுப்பு அது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கே போய், தோள் வரைக்கும் கையை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தினம் கொஞ்சம் பிடுங்கிப் பிடுங்கி அங்கே ஒரு பொந்தே ஆகிவிட்டது. உள்ளேயிருந்து வந்த வைக்கோல் புகையிலை நிறத்தில் இருந்தது. கருப்பட்டிப் பாகு முறுகுகிற வாசனை வந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

கார்த்திகை பிறந்த நாலாம் நாள் ராத்திரி படப்பு எரிந்தது. மழை ஈரத்தில் நிற்கிற படப்பு எப்படித் தானாக எரியும்? யாரோ வைத்திருக்க வேண்டும். பகை தீர்க்கப் படப்புக்குத் தீ வைப்பது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். ஊரே அப்படித்தான் பேசிற்று. காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நேத்து சாயங்காலம் நீதானடா களத்தில இருந்தே? யாரையாவது பார்த்தியா?"

என் பொந்துதான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வடபுறம் பிடுங்காதே என்று ஏற்கெனவே ஒரு தரம் அடி வாங்கியிருந்தேன். என் வாயிலிருந்து வந்தது இது:

"வண்டிக்கார அண்ணே பீடி குடிச்சுக்கிட்டு நின்னாருப்பா."

பொய்யில்லை. நின்றார், பீடி குடித்தார். ஆனால் நான் பார்த்தது அதற்கு ஒரு வாரம் முந்தி, கிணற்றடியில். படப்புக்கும் கிணற்றுக்கும் நடுவே முழுக் களம் கிடந்தது.

வண்டிக்காரர் எங்கள் வீட்டில் பத்து வருஷம் மாடு பார்த்தவர். மாட்டுத்தாவணியில் ஜோடி பார்த்து வாங்கும்போது அப்பா அவரைத்தான் முன்னால் விடுவார். பல்லைப் பிடித்துப் பார்க்காமலே வயசு சொல்வார். அந்த வாரம் அறுப்புக் கூலி விஷயமாக அவருக்கும் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை தடித்திருந்தது. அது போதுமானதாக இருந்தது. அப்பா போலீஸுக்குப் போகவில்லை; அதைப் பெரிய தயவாக எல்லாரும் பேசினார்கள். நாளை முதல் வரவேண்டாம் என்றார், அளக்க வேண்டிய நெல்லை அளக்கவில்லை. படப்புக்குத் தீ வைத்தவன் என்ற பிறகு சுற்றுவட்டத்தில் யார் வேலை கொடுப்பார்கள்? தை பிறப்பதற்குள் பெண்டாட்டி பிள்ளையோடு மதுரைக்குப் போய்விட்டார். அப்பா காலமாகும் வரையில் நான் வாய் திறக்கவில்லை. அப்புறம் யாரிடம் திறப்பது?

டீக்கடையில் அக்கா மகளிடம் இதைச் சொல்லவில்லை. "அந்த மாதிரி கனன்றுகிட்டிருக்கிற வைக்கோல்ல ஒரு ஓட்டை போட்டா?" என்று மட்டும் கேட்டேன்.

"போடவே கூடாது மாமா. காத்து உள்ளே போச்சுன்னா அவ்வளவுதான்" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், யார் போட்டது?" என்றாள்.

"கதைக்காகக் கேட்டேன்" என்றேன். நெல் வைக்கோலில் தானாகத் தீப்பிடிப்பது அபூர்வம்தான், பார்க்காமல் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னாள். விஞ்ஞானிகள் இப்படித்தான் நம்மை நடுவழியில் விட்டுவிடுவார்கள். ஆனால் எனக்கு அவளுடைய நிச்சயம் தேவையாக இல்லை. படப்பு எப்படி எரிந்திருந்தாலும் நான் சொன்ன நாள் தப்பு நாள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்டாண்டில் ராத்திரிக் காவலுக்கு இருப்பவர் அவர்தான். பஸ் நிலையம் வந்த புதிதிலேயே ஒருநாள் தூரத்திலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்துதான் என்னுடைய தேகப்பயிற்சி.

அக்கா மகளைப் பையோடு ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து டோக்கன் கட்டை எண்ணிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"அண்ணே, என்னைத் தெரியுதா?"

நிமிர்ந்து பார்த்தார். "தெரியாம என்ன தம்பி? அந்தக் கோடி ஸ்டாண்டில விட்டுட்டு நடந்து வருவீங்களே" என்றார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு எப்படியோ ஆரம்பித்தேன். ஈர வைக்கோல், கிருமி, எழுபது டிகிரி, கன மீட்டர் என்று அப்போதுதான் கேட்ட பாடத்தை அப்படியே ஒப்பித்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஈர வைக்கல் வேகும்னு இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சாங்களா தம்பி?" என்றார். கேலி இல்லை, மெய்யாகவே கேட்டார். "அடைக்காதீங்கய்யா, ரெண்டு வெயில் காயட்டும்னு அப்பவே உங்கப்பாகிட்டச் சொன்னேன். படப்பு உள்வாங்கினப்பவும் சொன்னேன், பிரிச்சுப் போட்டுருவோம்னு. மழை வருதுன்னுட்டாரு."

"அன்னிக்குக் காலையிலே இதைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. பீடியைப் பத்தித்தானே கேட்டாங்க."

ஒருவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கு டோக்கன் கிழித்துக் கொடுத்தார். நான் காத்திருந்தேன். பிறகு, நான் பார்த்தது அன்றைக்கு இல்லை, ஒரு வாரம் முந்தி, கிணற்றடியில் என்பதைச் சொன்னேன். பொந்தையும் சொன்னேன். ஒன்பது வயசு என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. டோக்கன் கட்டை விட்ட இடத்திலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்து, ரப்பர் வளையத்தைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அம்மா இருக்காங்களா?" என்றார். இருக்கிறாள் என்றேன். தலையை ஆட்டினார்.

"யார் மாமா அது?" என்று கேட்டாள் அக்கா மகள்.

"எங்க வீட்டில வண்டி ஓட்டினவர்."

இப்போதெல்லாம் நான் அந்த ஸ்டாண்டில்தான் விடுகிறேன். டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார், காசு வாங்கிக்கொள்கிறார், மிச்சம் சரியாகத் தருகிறார். விடிந்து வீட்டுக்குக் கிளம்புமுன், வெயில் ஏறும் பக்கத்தில் நிற்கிற வண்டிகளை ஒவ்வொன்றாக நிழலுக்கு நகர்த்தி வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். என்னுடையதை நகர்த்துவதில்லை. மத்தியானம் போய் எடுக்கும்போது ஸீட்டில் கை வைக்க முடியாது. கைக்குட்டையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன்.